வீட்ல வேற யாருக்காவது இருக்கா?

நெஞ்சு அடைக்கிறது, மூச்சு முட்டுகிறது, இதோ போய்விட்டேன் என்று ராத்திரி 11 மணிக்கு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடி, ஈசிஜி எடுத்து, ரத்தம் கொடுத்து, "ஹார்ட்ல ஒண்ணும் இல்ல, வீட்டுக்குப் போங்க" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் கூட்டத்தில் எனக்கும் ஓர் இடம் உண்டு. இரண்டாவது தடவையும் அதே கதை நடந்த பிறகுதான் மனநல மருத்துவரிடம் போனேன். அம்மாவும் கூட வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட டாக்டர், "வீட்ல வேற யாருக்காவது இந்த மாதிரி இருக்கா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா முந்திக்கொண்டாள்: "எங்க வீட்ல அப்படியெல்லாம் யாருக்கும் கிடையாது டாக்டர்."

திரும்பி வரும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். அம்மாவைப் பெற்ற பாட்டி சாகும்வரை தனியாக பஸ் ஏறியதில்லை. யாராவது வீடு திரும்பக் கால் மணி நேரம் லேட்டானால் போதும், திண்ணைக்கும் தெருமுனைக்குமாக நடந்துகொண்டே இருப்பாள். மாமா ஒருவர் லிஃப்டில் கால் வைக்க மாட்டார், ஐந்தாவது மாடியானாலும் படிதான், கேட்டால் உடம்புக்கு நல்லது என்பார். அம்மாவோ நான் வேலைக்காக ஊரை விட்டு வந்த நாளிலிருந்து தினம் ஆறேழு தடவை போன் செய்கிறாள். இதில் எதற்குமே எங்கள் வீட்டில் நோய் என்று பெயர் கிடையாது. பாட்டிக்குப் பயந்த சுபாவம், மாமா ஒரு மாதிரி, அம்மாவுக்குப் பாசம் ஜாஸ்தி. அவ்வளவுதான். அதனால் அம்மா டாக்டரிடம் பொய் சொன்னாள் என்றும் சொல்ல முடியாது.

டாக்டர்கள் இந்தக் கேள்வியைச் சும்மா கேட்பதில்லை. திடீரென்று வந்து பத்து நிமிடத்துக்குள் உச்சிக்கு ஏறும் பேனிக் அட்டாக், நாள் முழுக்க எதையாவது நினைத்து மருகிக்கொண்டே இருக்கும் பொதுப் பதற்றம், நாலு பேர் முன்னால் பேசவே நடுங்கும் சமூக அச்சம், நாய், உயரம், ரத்தம் என்று ஏதோ ஒன்றை மட்டும் கண்டால் வரும் பயம், இவை எல்லாமே பதற்றக் கோளாறுகள் என்ற வகைக்குள் வருகின்றன, எல்லாமே குடும்பத்தில் ஓடுகின்றன. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் ஜான் ஹெட்டிமா, மைக்கேல் நீல், கென்னத் கெண்ட்லர் மூவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி 2001-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். பெற்றோர், கூடப் பிறந்தவர், பிள்ளை என்ற நெருங்கிய ரத்த உறவில் ஒருவருக்கு இருந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு சுமார் 4 முதல் 6 மடங்கு என்று வந்தது.

மடங்கு என்றாலே வயிற்றைக் கலக்கும். ஆனால் எதன் மடங்கு என்று பார்க்க வேண்டும். பேச்சுக்கு, 100 பேரில் 5 பேருக்கு வரும் ஒரு கோளாறு என்று வைத்துக்கொள்வோம். குடும்பத்தில் இருந்தால் அது 20 பேர் அளவுக்கு ஏறும். அப்போதும் மீதி 80 பேருக்கு வராது. "எனக்கு இருக்கு, என் குழந்தைக்கு வந்தே தீருமா?" என்று கேட்பவர்கள் அந்த 80-ஐக் கண்ணில் பார்ப்பதே இல்லை. பதற்றக்காரர்கள் அல்லவா, நமக்கு 20-தான் தெரியும்.

இன்னொன்று. குடும்பத்தில் ஓடுவதெல்லாம் ரத்தத்தில் ஓடுவது ஆகாது. எங்கள் வீட்டு வத்தக்குழம்பின் ருசிகூட மூன்று தலைமுறையாக மாறாமல்தான் வருகிறது, அதற்கு ஜீன் எதுவும் இல்லை, பாட்டி செய்ததை அம்மா பார்த்தாள், அம்மா செய்ததை நான் பார்த்தேன். அப்படியானால் பாட்டியின் பயம் என்னிடம் எந்த வழியாக வந்தது, ரத்தத்திலா, சமையலறையிலா? ஒரே வீட்டில் ஜீனையும் கொடுத்து சோறும் போட்டு வளர்ப்பது ஒரே ஆள் என்பதால், வெளியிலிருந்து பார்த்து இதைப் பிரிக்கவே முடியாது.

பிரிப்பதற்கு ஆராய்ச்சிக்காரர்கள் பிடித்த வழி இரட்டையர். ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறக்கும் இரட்டையருக்கு ஜீன்கள் ஏறக்குறைய அப்படியே ஒன்று. தனித்தனிக் கருவாக வந்த இரட்டையருக்கு மற்ற அண்ணன் தம்பிகள் மாதிரி சராசரியாகப் பாதிதான் பொது. இரண்டு வகை இரட்டையரும் ஒரே வயிறு, ஒரே வீடு, ஒரே வயது. ஆக, முதல் வகை ஜோடிகள் பதற்றத்தில் இரண்டாம் வகை ஜோடிகளைவிட அதிகம் ஒத்துப்போனால், அந்தக் கூடுதல் ஒற்றுமையை ஜீன் கணக்கில் எழுதலாம். அப்படி எழுதியதில் பொதுப் பதற்றத்துக்கு மரபின் பங்கு சுமார் 32 சதவீதம், பேனிக் கோளாறுக்கு சுமார் 43 சதவீதம் என்று அந்த 2001 தொகுப்பில் வந்தது. உயரத்துக்கு இது 80 சதவீதம் வரை போகும், ஸ்கிசோஃப்ரினியா என்ற மனநோய்க்கும் அதே அளவுதான். பதற்றம் அந்த வரிசையில் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. உண்டு, ஆனால் பெரும்பங்கு இல்லை.

இந்த சதவீதம்தான் ஆளாளுக்கு ஒரு மாதிரி புரிந்துகொள்ளப்படுகிறது. "என் பதற்றத்தில் 30 சதவீதம் அப்பா கொடுத்தது, மீதி 70 ஆபீஸ் கொடுத்தது" என்று ஒருவர் என்னிடம் ரொம்ப சீரியஸாகச் சொன்னார். அப்படிக் கிடையாது. ஒரு தோசையில் மாவு எத்தனை சதவீதம், கல் எத்தனை சதவீதம் என்று கேட்க முடியுமா? ஒரே மாவை எடுத்துப் பத்து வீட்டுக் கல்லில் ஊற்றினால் தோசைக்குத் தோசை வரும் வித்தியாசம் முழுக்கக் கல்லால் வந்தது. பத்து வீட்டு மாவை ஒரே கல்லில் ஊற்றினால் வித்தியாசம் முழுக்க மாவால் வந்தது. மரபின் பங்கு 32 சதவீதம் என்பது இந்த வித்தியாசத்தைப் பற்றிய பேச்சு, ஊரில் இத்தனை பேருக்குள் ஒருவர் ஏன் அதிகம் பயப்படுகிறார், இன்னொருவர் ஏன் பயப்படுவதில்லை என்பதற்கான கணக்கு. என் தட்டில் இருக்கும் ஒற்றைத் தோசையைப் பற்றி அது எதுவும் சொல்லாது. கல்லை மாற்றினால் கணக்கும் மாறும், போர் நடக்கும் ஊரில் எடுத்தால் ஓர் எண், அமைதியான ஊரில் எடுத்தால் வேறோர் எண் வரலாம்.

சரி, ஜீன்தான் என்றால் எந்த ஜீன்? இந்தக் கதையில் கொஞ்சம் அசடு வழிந்ததும் உண்டு. 1996-ல் க்ளாஸ்-பீட்டர் லெஷ் என்பவரின் குழு, மூளையில் செரட்டோனின் என்ற ரசாயனத்தைத் திரும்ப உறிஞ்சும் புரதத்துக்கான ஜீனில் ஒரு பகுதி சிலருக்குக் குட்டையாகவும் சிலருக்கு நீளமாகவும் இருக்கிறது, குட்டை வகைக்காரர்களுக்குப் பதற்ற சுபாவம் கொஞ்சம் அதிகம் என்று எழுதியது. அந்தக் கட்டுரையே, இதனால் விளக்க முடிவது மொத்த வித்தியாசத்தில் 3, 4 சதவீதம்தான் என்று ஒத்துக்கொண்டது. ஆனால் கேட்பவர்கள் காதில் விழுந்தது "கவலை ஜீன் கிடைத்துவிட்டது" என்பதுதான். 2003-ல் நியூசிலாந்தின் டனீடின் நகரத்து ஆட்களை வைத்து, குட்டை வகையும் வாழ்க்கையில் அடிமேல் அடியும் சேர்ந்தால் மனச்சோர்வு வருகிறது என்று இன்னொரு கட்டுரை வந்தது, அது இன்னும் பெரிய புகழ் அடைந்தது. அப்புறம் 2009-ல் 14 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது அந்தத் தொடர்பே நிற்கவில்லை. 2019-ல் லட்சக்கணக்கானவர்களின் தரவை வைத்து, மனச்சோர்வுக்கு என்று பேர்போன 18 ஜீன்களைச் சோதித்ததில் அவை கண்ணை மூடிக்கொண்டு எடுத்த மற்ற ஜீன்களைவிட ஒன்றும் விசேஷமாக இல்லை என்று முடிந்தது. ஒரு தலைமுறை ஆராய்ச்சிக்காரர்களின் உழைப்பு அதில் போயிற்று. சிரிப்பதற்கில்லை, அந்தக் காலத்தில் கையிலிருந்த கருவி அவ்வளவுதான்.

இப்போது ஒரு ஜீனைக் குறிவைப்பதை விட்டுவிட்டு முழு மரபுத்தொகுதியையும் சலிக்கிறார்கள். பதற்றக் கோளாறுள்ள 1,22,341 பேரையும் இல்லாத 7 லட்சத்துக்கு மேற்பட்டவர்களையும் ஒப்பிட்ட ஒரு பன்னாட்டுக் குழுவுக்கு அதில் பதற்றத்தோடு தொடர்புள்ள 58 இடங்கள் தட்டுப்பட்டன. அந்த 58-ல் ஒவ்வொன்றின் தாக்கமும் துளியளவு, எல்லோரிடமும் அதில் சில இருக்கும். அவற்றில் சில, மூளையைச் சாந்தப்படுத்தும் காபா என்ற ரசாயனத்தின் வேலையோடு தொடர்புடையவை, இது கவனிக்கத்தக்கது, ஏனென்றால் அல்பிரஸோலம் மாதிரியான பழைய பதற்ற மாத்திரைகள் வேலை செய்வதும் அதே காபா வழியாகத்தான். ஆனால் அந்த ஒரு லட்சத்து சொச்சம் பேரும் ஐரோப்பிய வம்சாவளியினர். 2017 கணக்குப்படி இந்தியாவில் மட்டும் சுமார் 4.49 கோடி பேருக்குப் பதற்றக் கோளாறு இருந்தது, அவர்களுக்கு இந்த 58 எந்த அளவுக்குப் பொருந்தும் என்று அந்தப் பட்டியலை வைத்துச் சொல்ல முடியாது. அதனால் குழாயில் எச்சில் துப்பி அனுப்பினால் உங்கள் பதற்றத்தை அச்சடித்துத் தருகிறோம் என்று விளம்பரம் வந்தால் அந்தக் காசுக்கு நாலு நாள் எங்காவது மலைப்பக்கம் போய்விட்டு வரலாம்.

சொந்தத்தில் கல்யாணம் செய்ததால்தானா என்று கேட்கிறவர்கள் உண்டு. இரு பக்கமும் ஒரே பழுதான ஜீன் சேர்ந்தால் வரும் நோய்களுக்கான கணக்கு அது. நூற்றுக்கணக்கான ஜீன்கள் துளித்துளியாகச் சேரும் விஷயத்துக்கு அதை அப்படியே கொண்டுவந்து ஒட்ட முடியாது. "இது அவங்க அப்பா வழி" என்று அம்மா பக்கமும் "தாய் வழி" என்று அப்பா பக்கமும் தள்ளிவிடும் பழக்கத்துக்கும் ஆதாரம் கிடையாது. இரண்டு பக்கத்திலிருந்தும்தான் வருகிறது.

துளித்துளியாக வந்து சேர்வது அப்படி என்னதான் செய்கிறது? நோயை அப்படியே பொட்டலம் கட்டிக் கொடுப்பதில்லை. கொடுப்பது ஒரு சுபாவத்தை, உள்ளே இருக்கும் எச்சரிக்கை மணி எவ்வளவு லேசாகத் தட்டினால் அடிக்கும் என்பதை. ஹார்வர்டில் ஜெரோம் கேகன் நான்கு மாதக் குழந்தைகளை வைத்து இதைப் பார்த்தார். குழந்தையின் கண்ணுக்கு மேலே கலர் கலராகப் பொம்மைகளை ஆட்டுவார்கள், ஒலிநாடாவில் ஒரு குரலை ஓடவிடுவார்கள், ஆல்கஹால் தொட்ட பஞ்சை மூக்குக்கு அருகே கொண்டுபோவார்கள். பெரும்பாலான குழந்தைகள் சும்மா வேடிக்கை பார்க்கும். ஐந்தில் ஒன்று மட்டும் காலை உதைத்து, முதுகை வில்லாக வளைத்து, வீறிட்டு அழும். இந்தக் குழந்தைகளை வருஷக்கணக்காகத் தொடர்ந்து பார்த்ததில், புது ஆளைக் கண்டால் அம்மாவின் புடவைக்குள் ஒளிகிற ரகமாக வளர்ந்தவர்கள் அதிகம் இந்த ஐந்தில் ஒன்றிலிருந்துதான் வந்தார்கள். வளர்ந்த பிறகு பதற்றக் கோளாறு வரும் வாய்ப்பும் அவர்களுக்குக் கூடுதல். கூடுதல்தான், எல்லோருக்கும் இல்லை. அமைதியாக வேலை பார்த்துக்கொண்டு, கொஞ்சம் கூச்சத்தோடு, எந்த மாத்திரையும் இல்லாமல் வாழ்கிறவர்கள் அந்தக் கூட்டத்தில் நிறைய.

குரங்கிலும் இதே கதைதான். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் நெட் கேலின் குழுவினர், பல தலைமுறை உறவுமுறை தெரிந்த ஒரே பெரிய குடும்பத்துக் குட்டிக் குரங்குகள் 592-ஐச் சோதித்தார்கள். சோதனை ரொம்ப எளிது. ஒரு ஆள் அறைக்குள் வந்து குரங்கைப் பார்க்காமல் பக்கவாட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார். முறைப்பதில்லை, சத்தம் போடுவதில்லை. சில குட்டிகள் கொஞ்ச நேரத்தில் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடும், சில மட்டும் அசையாமல், மூச்சு விடாத மாதிரி, ஒரே இடத்தில் உறைந்து உட்கார்ந்திருக்கும். உறைந்துபோகிற குட்டிகளின் மூளையில் மூளைத்தண்டு, பயத்தைக் கையாளும் அமிக்டலா என்ற பகுதி, முன்மூளை மூன்றையும் இணைக்கும் சுற்று அளவுக்கு மீறி வேலை செய்தது. குட்டிக்குக் குட்டி பயத்தில் இருந்த வித்தியாசத்தில் சுமார் 35 சதவீதத்தைக் குடும்ப வம்சாவளி விளக்கியது என்று 2015-ல் எழுதினார்கள். மனித இரட்டையரில் வந்த எண்ணுக்கு இது எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது பாருங்கள்.

எலியைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், விட மனசில்லை. லண்டனில் 1950-களில் பீட்டர் பிராட்ஹர்ஸ்ட் என்பவர் வெள்ளை எலிகளை, வெளிச்சமும் சத்தமுமான வட்டமான திறந்த வெளியில் விட்டு, அவை பயத்தில் எத்தனை புழுக்கை போடுகின்றன என்று உட்கார்ந்து எண்ணினார். அதிகம் போட்டதை அதிகம் போட்டதோடும், குறைவாகப் போட்டதைக் குறைவாகப் போட்டதோடும் சேர்த்துத் தலைமுறை தலைமுறையாக இனவிருத்தி செய்ததில், பயந்த எலி வம்சம் ஒன்றும் அசராத எலி வம்சம் ஒன்றுமாகப் பிரிந்துவிட்டன. பயந்த சுபாவம் வம்சத்தில் இறங்கும் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டாம்.

அந்த சுபாவம் எந்த உருவத்தில் வெளியே வரும் என்பது ஆளுக்கு ஆள் மாறுகிறது. பொதுப் பதற்றத்துக்கும் மனச்சோர்வுக்கும் பின்னால் இருக்கும் ஜீன்கள் ஏறக்குறைய ஒன்றே, வாழ்க்கை அனுபவம்தான் ஒருவரை இந்தப் பக்கமும் இன்னொருவரை அந்தப் பக்கமும் தள்ளுகிறது என்று கெண்ட்லரின் வர்ஜீனியா இரட்டையர் ஆய்வு 1992-லேயே சொன்னது. அதனால் குடும்ப வரலாற்றைத் தேடும்போது அச்சு அசலாக அதே பயத்தைத் தேடினால் கிடைக்காது. அக்காவுக்குப் பதற்றம், தம்பிக்கு மனச்சோர்வு, பெரியப்பா தினமும் சாயங்காலம் இரண்டு ரவுண்டு போட்டால்தான் நாலு பேரோடு பேசுவார் என்று இருக்கும். ஆண்களின் பதற்றம் நம் வீடுகளில் குடிப்பழக்கத்துக்கும் கோபத்துக்கும் பின்னால் ஒளிந்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன், அதை யாரும் பயம் என்று கணக்கில் சேர்ப்பதில்லை. சேர்த்தாலும் வெளியே சொல்ல மாட்டார்கள், வரன் பார்க்கிற வீட்டில் மாத்திரை அட்டையை அரிசி டப்பாவுக்குள் வைக்கும் ஊர் இது.

இனி சமையலறைப் பக்கம். 1980-களில் சூசன் மினேகா என்ற உளவியலாளர் செய்த குரங்குச் சோதனைகள் எனக்கு ரொம்பப் பிடித்தவை. பாம்பென்றால் படையும் நடுங்கும் என்கிறோம், ஆனால் ஆய்வகத்திலேயே பிறந்து வளர்ந்த ரீசஸ் குரங்குகளுக்குப் பாம்பைக் கண்டு பயமே இல்லை. காட்டில் பிறந்த குரங்கு ஒன்று பாம்பைப் பார்த்து அலறுவதை அவற்றுக்குக் காட்டினார்கள். சில தடவை பார்த்ததும் இவையும் அலற ஆரம்பித்தன, மாதங்கள் கழித்துப் பார்த்தபோதும் அந்தப் பயம் போகவில்லை. அடுத்து ஒரு வேலை செய்தார்கள். வீடியோவை வெட்டி ஒட்டி, அதே குரங்கு பூவைப் பார்த்து அலறுவது மாதிரி காட்டினார்கள். பூவுக்குப் பயம் வரவில்லை. அதாவது எதைக் கண்டு பயப்படத் தயாராக இருப்பது என்பது உள்ளேயே எழுதியிருக்கிறது, ஆனால் அதைத் தட்டி எழுப்ப இன்னொருவரின் அலறல் வேண்டியிருக்கிறது. ரத்தமா சமையலறையா என்று நான் கேட்ட கேள்வியே கொஞ்சம் அசட்டுக் கேள்வி என்று இந்தக் குரங்குகள்தான் எனக்குக் காட்டின.

தெருவில் பார்க்கலாம். குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு அம்மா போகிறாள், எதிரே நாய். அவள் ஒரு வார்த்தை பேசவில்லை, பிடித்திருந்த விரல்கள் மட்டும் இறுகுகின்றன, நடை அரை நொடி தடுமாறுகிறது. குழந்தை நாயைப் பார்ப்பதற்கு முன் அம்மாவின் முகத்தைப் பார்க்கிறது. பாடம் முடிந்தது. எனக்கு நாய் பயம் எப்படி வந்தது என்று எவ்வளவு யோசித்தாலும் நாய் கடித்த ஞாபகம் எதுவும் வராது, அம்மாவின் வளையல் என் மணிக்கட்டில் அழுந்திய ஞாபகம்தான் வருகிறது.

இதைச் சரியாக அளந்து பார்த்தவர் லண்டன் கிங்ஸ் காலேஜின் தாலியா ஈலி. ஸ்வீடனில் 800-க்கு மேற்பட்ட இரட்டையர் குடும்பங்களின் தரவை, பெற்றோரான இரட்டையரையும் அவர்களுடைய டீன் ஏஜ் பிள்ளைகளையும் சேர்த்து, அவரும் அவருடைய குழுவும் ஆராய்ந்தார்கள். யோசனை அழகானது. ஒரே கரு இரட்டையராகப் பிறந்த அக்கா தங்கை இருவர். அக்காவின் மகளுக்கு அவளுடைய அம்மாவோடு ஜீனில் எவ்வளவு ஒற்றுமையோ அவ்வளவே சித்தியோடும். நாம் அம்மாவின் அக்காவைப் பெரியம்மா என்றும் தங்கையைச் சின்னம்மா என்றும் சொல்கிறோமே, இங்கே அது வெறும் மரியாதைச் சொல் இல்லை, ஜீன் கணக்கில் அவளும் அம்மாவேதான். ஒரே வித்தியாசம், சின்னம்மா வேறு வீட்டில் இருக்கிறாள். பதற்றம் ஜீன் வழியாகத்தான் அம்மாவிடமிருந்து மகளுக்கு வருகிறது என்றால், சின்னம்மாவின் பதற்றத்துக்கும் இந்த மகளின் பதற்றத்துக்கும் தொடர்பு தெரிய வேண்டும். 2015-ல் வந்த முடிவில் அது தெரியவில்லை. கூடவே இருந்து வளர்த்தவரின் பதற்றத்தோடுதான் பிள்ளையின் பதற்றம் ஒட்டியது. இது நோயாளிகளை வைத்துச் செய்தது இல்லை, பதற்ற அறிகுறிகளைக் கேள்வித்தாளில் கேட்டு எடுத்தது, டீன் ஏஜ் பருவத்தை மட்டும் பார்த்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும்.

அப்படியானால் ஒரே வீட்டில் வளர்ந்த எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி பயந்தாக வேண்டுமே? இல்லை, பெரியவர்களான இரட்டையரை ஆராய்ந்தவற்றில் "பொதுவான வீடு" என்பதன் பங்கு மிகக் குறைவாகத்தான் வருகிறது, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நடந்ததுதான் மீதி இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. முதலில் இது முரண்பாடாகத் தெரிந்தது எனக்கு. பிறகு என் வீட்டையே நினைத்துப் பார்த்தேன். மூத்த பிள்ளையை வளர்த்த 22 வயது அம்மாவும், கடைக்குட்டியை வளர்த்த 30 வயது அம்மாவும் ஒரே ஆளா? அதோடு பிள்ளையும் சும்மா இருப்பதில்லை. சிணுங்குகிற குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வோம், ஓடுகிற குழந்தையை ஓடவிடுவோம். பயந்த சுபாவத்தோடு பிறந்த குழந்தை தன்னைச் சுற்றிப் பொத்திப் பொத்தி வைக்கும் வீட்டைத் தானே கட்டிக்கொள்கிறது, அந்த வீடு அதை இன்னும் பயப்படவைக்கிறது. நூலைப் போல சேலை, தாயைப் போல பிள்ளை என்பார்கள். நூல் தறியில் ஏறினால்தானே சேலை.

எலித் தாய் குட்டியை நக்கிக் கொடுத்து வளர்த்தால் குட்டியின் பதற்றம் குறைகிறது, ஜீனின் மேல் ஒட்டும் ரசாயனக் குறிகளும் மாறுகின்றன என்று மான்ட்ரியலில் மைக்கேல் மீனி குழு காட்டியது. அதைப் பிடித்துக்கொண்டு "தாத்தாவின் துயரம் உங்கள் மரபணுவில் இருக்கிறது" என்று வாட்ஸாப்பில் சுற்றும் வீடியோக்கள் எலியிலிருந்து மனிதனுக்கு ஒரே தாவாகத் தாவுகின்றன. நான் அந்தப் பக்கம் போகவில்லை.

குடும்பத்தில் ரொம்பப் பலமாக ஓடும் ஒரு வகையைச் சொல்லியாக வேண்டும், ரத்தம், ஊசி, காயம் கண்டால் வரும் பயம். மற்ற பயங்களில் இதயம் அடித்துக்கொண்டே இருக்கும், ஆள் மயங்க மாட்டார். இதில் மட்டும் ரத்த அழுத்தம் முதலில் ஏறி, பிறகு சட்டென்று கீழே விழும், கண் இருட்டும், ஆள் சரிந்துவிடுவார். அப்பா, அத்தை, மகன் என்று மூன்று பேரும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மயங்கி விழும் குடும்பங்கள் உண்டு. இவ்வளவு உடம்போடு ஒட்டிய, இவ்வளவு குடும்பத்தில் ஓடுகிற விஷயத்துக்கு வைத்தியம் என்னவென்றால், ஸ்வீடன்காரர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் கண்டுபிடித்த ஒரு சாதாரணப் பயிற்சி. கை, கால், வயிறு எல்லாத் தசையையும் முறுக்கி, முகம் சூடாகும்வரை 10, 15 விநாடி பிடித்து, கொஞ்சம் தளர்த்தி, மறுபடி முறுக்க வேண்டும். ரத்த அழுத்தம் இறங்காமல் நிற்கும், மயக்கம் வராது. ஜீன் அப்படியேதான் இருக்கிறது, ஆள் விழுவதில்லை. பரம்பரை என்றால் ஒன்றும் செய்ய முடியாது என்று நினைப்பவர்களிடம் நான் இதைத்தான் சொல்வது வழக்கம்.

மருந்தோ பேச்சுச் சிகிச்சையோ, குடும்பத்தில் இருப்பவர்களுக்கும் வேலை செய்கிறது. இதைவிட எனக்கு ஆச்சரியம் தந்தது, வருவதற்கு முன்பே தடுக்கப் பார்த்த ஒரு முயற்சி. கோல்டா கின்ஸ்பர்க் என்ற அமெரிக்க ஆய்வாளர், பெற்றோரில் ஒருவருக்காவது பதற்றக் கோளாறு உள்ள 136 குடும்பங்களை எடுத்தார். பிள்ளைகளுக்கு 6 முதல் 13 வயது, அவர்களுக்கு இன்னும் நோய் வரவில்லை. ஒரு பகுதியினருக்குக் குடும்பமாக உட்காரவைத்து எட்டு அமர்வு, பயத்தை எப்படிக் கையாள்வது, பெற்றோர் எங்கே பொத்தி வைப்பதை விடுவது என்று. ஒரு வருஷம் கழித்து, அந்த அமர்வுகள் கிடைக்காத பிள்ளைகளில் 31 சதவீதம் பேருக்குப் பதற்றக் கோளாறு வந்திருந்தது, அமர்வுக்கு வந்தவர்களில் பத்து சதவீதத்துக்கும் குறைவு. இரு பக்கத்துப் பிள்ளைகளும் பதற்றக் குடும்பத்து ஜீனோடு பிறந்தவர்கள்தான்.

யேல் பல்கலைக்கழகத்தில் எலி லெபோவிட்ஸ் இன்னும் ஒரு படி மேலே போனார். சிகிச்சைக்குப் பிள்ளையே வர வேண்டாம், பெற்றோர் மட்டும் வந்தால் போதும். பிள்ளை பயப்படுகிறது என்று நாம் செய்து கொடுக்கும் சலுகைகளை, தூங்கும்வரை கட்டிலில் கூட உட்கார்வது, அதற்குப் பதிலாக நாமே கடைக்காரரிடம் பேசுவது, ஒரே கேள்விக்கு இருபது தடவை "ஒண்ணும் ஆகாது" என்பது, இவற்றை ஒவ்வொன்றாக, அன்போடு, ஆனால் உறுதியாகக் குறைப்பது. "உனக்கு பயமா இருக்குன்னு தெரியும், உன்னால சமாளிக்க முடியும்னும் தெரியும்" என்று மட்டும் சொல்ல வேண்டும். அப்படிச் செய்ததில், பிள்ளைகளுக்கே நேரடியாகச் சிகிச்சை கொடுத்ததற்குச் சமமான பலன் வந்தது.

எங்கள் டாக்டரும் கிட்டத்தட்ட இதையே தலைகீழாகச் செய்யச் சொன்னார், இங்கே சலுகை கேட்பவள் அம்மா, கொடுப்பது நான். (டாக்டர் பக்கத்தில் இல்லாதவர்கள் அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416-க்குப் போன் செய்து தமிழிலேயே பேசலாம்.) தினம் ஆறேழு போனுக்குப் பதில் ராத்திரி 8 மணிக்கு ஒரே போன், நடுவில் அம்மா கூப்பிட்டாலும் நான் எடுக்கக் கூடாது, நானும் கூப்பிடக் கூடாது என்று ஒப்பந்தம். அம்மா முதலில் முறைத்துக்கொண்டாள், பிறகு பாட்டியின் தெருமுனை நடையை ஞாபகப்படுத்தியதும் சிரித்துவிட்டு, "சரி, பார்ப்போம்" என்றாள்.

முதல் நாள் 7:55-க்கே போன் அடித்தது. "எட்டாயிடுச்சுன்னு நினைச்சேன், இந்தக் கடிகாரம் அஞ்சு நிமிஷம் முந்துது போல" என்றாள். முதல் மணி முழுதாக அடிப்பதற்குள் எடுத்துவிட்டிருந்தேன், ஏழரையிலிருந்தே போன் என் கையில்தான் இருந்தது.